ஹிப்னோதெரபி 3 முறை செய்தும் எம்ஆர்ஐ குழாய்க்குள் போக முடியவில்லை – பதில்

மூன்று முறை ஹிப்னோதெரபி (ஆழ்ந்த அமைதி நிலைக்குக் கொண்டுபோய்ப் பயத்தைக் குறைக்க முயலும் சிகிச்சை) செய்தும், இடுப்பு ஸ்கேனுக்கு எம்ஆர்ஐ குழாய்க்குள் போக முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அது மட்டும் போதாது. அதோடு, பயப்படும் இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக இருந்து பழக வேண்டும். சிகிச்சை அமர்வில் சாய்வு நாற்காலியில் வந்த அமைதி, குழாய்க்குள் தலை போனதும் தானாக வந்துவிடாது.

லிஃப்டைத் தவிர்த்து நாலு மாடி ஏறுவதாக எழுதியிருக்கிறீர்களே, பயம் போகாததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும் பயத்துக்குத் தீனி போடுகிறீர்கள்.

வீட்டில் சோதித்துப் பாருங்கள். பெரிய அட்டைப்பெட்டியின் இரண்டு முனைகளையும் திறந்துவிட்டு, தலையை உள்ளே வைத்து மல்லாந்து படுங்கள். அட்டை மூக்குக்கு மேல் ஒரு சாண் இருக்கட்டும். (வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.) அமர்வில் கற்ற மூச்சுப் பயிற்சியைத் தொடங்கி, பதற்றத்துக்குப் பத்துக்கு மதிப்பெண் போடுங்கள். 8 என்பது 4 ஆகும்வரை எழாதீர்கள். மதிப்பெண் இறங்கினால் கற்றது வேலை செய்கிறது. இறங்கவே இல்லையா? அடுத்த அமர்வில் அதைச் சொல்லுங்கள்.

இடுப்பு ஸ்கேன்தானே, காலை முன்னே விட்டு எடுக்க முடியுமா, 60 செ.மீ.க்குப் பதில் 70 செ.மீ. அகலக் குழாய் உண்டா என்று கேளுங்கள். அவசரத்துக்கு அழுத்தி ஊழியரை அழைக்கும் பந்தும் கையில் தருவார்கள்.

ஒன்று: காதில் குரல் கேட்பது போன்ற பிரச்சினை முன்பு இருந்திருந்தால் ஹிப்னோதெரபியை நிறுத்திவிட்டு முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள்.