பாலிமர் கலவையிலிருந்து மிகச் சிறிய ஒளி உமிழ் டையோடுகளை (எல்இடி) கல்லூரி ஆய்வகத்தில் செய்ய முடியுமா?

முடியும். காட்பாடியில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது செய்திருக்கிறேன். இரண்டு மழைக்காலங்கள் அதிலேயே போயின.

சிறிய டையோடு என்றதும் எதையோ செதுக்க வேண்டும் என்று நினைப்போம். தேவையில்லை. நீண்ட சங்கிலி மூலக்கூறுகளான பாலிமர்கள் ஒன்றோடொன்று எளிதில் கலக்காது. அந்தப் பிணக்கே நமக்காக வேலை செய்கிறது. ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் எம்இஎச்-பிபிவி என்ற பாலிமரையும், மின்சாரம் கடத்தாத பிஎம்எம்ஏ என்ற பாலிமரையும் (அக்ரிலிக் தகடு செய்கிறார்களே, அதே பொருள்) டொலுயீன் என்ற கரைப்பானில் கரைத்து, கண்ணாடித் தகட்டில் விட்டு வேகமாகச் சுழற்றினேன். கரைப்பான் ஆவியாகும்போதே இரண்டும் பிரிந்துவிடும். பாலாற்றில் வெள்ளம் வடிந்த பிறகு மணலுக்கு நடுவே குட்டைகள் நிற்பது போல, ஒளிரும் பாலிமர் தீவுத் தீவாகத் தங்கும். கீழ் மின்முனை, ஒளியை ஊடுருவ விட்டு மின்சாரமும் கடத்தும் இண்டியம் டின் ஆக்சைடு; மேல் மின்முனை கால்சியம், அதன்மேல் அலுமினியம். கீழ், மேல் மின்முனைகள் இரண்டையும் எட்டும் ஒவ்வொரு தீவும் ஒரு தனி டையோடு.

அளவுதான் சூட்சுமம். ஒளிரும் பாலிமர் கூடினால் தீவுகள் ஒட்டிக்கொண்டு ஒரே படலமாகிவிடும். குறைந்தால் தீவு பிஎம்எம்ஏவுக்குள் புதைந்து ஒளிராது. படலம் சுமார் 100 நானோமீட்டர் தடிமன் இருக்கட்டும்.

இந்த வழியில் எனக்கு ஆர்வம் பிறந்ததே ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்து இங்கானாஸ் குழுவினரின் கட்டுரைகளால்தான். 1994இல், பாலிதயோஃபீன் என்ற வகையைச் சேர்ந்த வெவ்வேறு ஒளிரும் பாலிமர்களைக் கலந்து, மின்னழுத்தத்தை மாற்றினால் நிறமும் மாறும் டையோடுகளைக் காட்டினார்கள். மறு ஆண்டே நானோமீட்டர் அளவு டையோடுகளையும் வெளியிட்டார்கள். இவ்வளவு அழகான யோசனையை நான் வேறு எங்கும் படித்ததில்லை.

எங்கள் ஊரில் எதிரி ஈரக்காற்று. சுழற்றும் கருவி ஒரு அறையில், உலோகத்தைப் படிய வைக்கும் வெற்றிடக் கலம் இன்னொரு அறையில். நவம்பர் மழையில் தகட்டை எடுத்துக்கொண்டு நடந்த அந்தச் சில நிமிடங்களே போதும். படலத்தில் ஏறிய ஈரத்தால், பிறகு மேலே படியும் கால்சியம் கெட்டுக் கரும்புள்ளிகள் படர்ந்துவிடும். மூடிய பெட்டியில் தகட்டைக் கொண்டுபோகத் தொடங்கிய பிறகுதான் விளக்கு நின்று எரிந்தது. நைட்ரஜன் நிரப்பிய கையுறைப் பெட்டி உங்களிடம் இருந்தால் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே முடித்துவிடுங்கள்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: 100 நானோமீட்டர் தீவைச் சாதாரண நுண்ணோக்கியில் தனியாகப் பார்க்க முடியாது, அது ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியது. மொத்தப் பரப்பும் ஆரஞ்சாக மினுங்குவதைத்தான் இருட்டறையில் காண்பீர்கள். தீவுகளின் வடிவத்தைப் பார்க்க, நுண்ணிய ஊசிமுனையால் பரப்பைத் தடவி அறியும் அணுவிசை நுண்ணோக்கி வேண்டும். உங்கள் ஆய்வகத்தில் என்னென்ன இருக்கிறது என்று எழுதினால், எங்கே தொடங்கலாம் என்று சொல்கிறேன்.