டாக்டர்கள் இருக்கட்டும், நீங்களும் தம்பியும் பேசுகிறீர்களா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 76. ஆறு வருடமாக பார்க்கின்சன். சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. போன வருடம் பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. இப்போது ஞாபகமும் தப்புகிறது. நியூரோ டாக்டர், சுகர் டாக்டர், எலும்பு டாக்டர், அவசரத்துக்குத் தெருமுனை டாக்டர் என்று நான்கு பேரிடம் ஓடுகிறோம். ஒருவர் எழுதுவது இன்னொருவருக்குத் தெரியாது. எதைக் கேட்டாலும் ‘அதை அவரிடம் கேளுங்கள்’ என்கிறார்கள். போன மாதம் தலைசுற்றல், வாந்தி என்று தெருமுனை டாக்டரிடம் காட்டினோம். மாத்திரை கொடுத்தார். பத்தே நாளில் அம்மா விறைத்துப் போய், எழுந்து நிற்கவே முடியவில்லை. நியூரோ டாக்டர் எங்களைத்தான் திட்டினார். மாற்றுத்திறனாளி அட்டைக்கு அலைந்தேன், முகவரி மதுரையில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே வீட்டுக்கே பிசியோதெரபிக்கு வந்துகொண்டிருந்தார்களாம், இங்கே யாரும் வரவில்லை. தை மாதத்திலிருந்து அம்மா என் முறை. நான், மதுரையில் தம்பி, தஞ்சாவூரில் தங்கை என்று தலைக்கு நான்கு மாதம் பார்த்துக்கொள்கிறோம். பழைய ஃபைல் தம்பி வீட்டில் இருக்கிறது, வீடு பாகம் பிரித்ததிலிருந்து அவனோடு பேச்சுவார்த்தை இல்லை. என் மனைவி நன்றாக ஒத்துழைக்கிறாள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் ஒருங்கிணைத்துப் பார்க்கும் மருத்துவமனையோ அமைப்போ இருந்தால் சொல்லுங்கள்.
– பெயர் வெளியிட வேண்டாம், திருச்சி.

பதில்: நான்கு டாக்டர்கள் மேலும் இவ்வளவு கோபம். ஃபைலுக்கு ஒரே ஒரு வரி. அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அம்மா மதுரையிலிருந்து திருச்சிக்கு வந்துவிட்டார். அவருடைய ஆறு வருட வைத்தியம் மதுரையிலேயே இருக்கிறது. ஏன் என்றால், தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை. நியூரோ டாக்டரும் சுகர் டாக்டரும் பேசிக்கொள்வதில்லை என்று குறைப்படுகிறவர் நீங்கள்தானே? அவர்களாவது முன்பின் தெரியாதவர்கள். நீங்கள் இருவரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள், அந்த வயிற்றுக்குச் சொந்தக்காரருக்குத்தான் இப்போது வைத்தியம்.

அந்த ஃபைலில் என்ன இருக்கும் என்று ஒருமுறையாவது யோசித்தீர்களா? பார்க்கின்சனுக்கான லெவோடோபா மாத்திரையை எந்த அளவில் ஆரம்பித்தார்கள், எப்போது கூட்டினார்கள், எதற்காகக் குறைத்தார்கள் என்பது இருக்கும். எந்த மாத்திரை சாப்பிட்டபோது, எதிரில் இல்லாத ஆளை இருப்பதாக நினைத்து அம்மா பேசினார் என்று ஓரத்தில் யாராவது கிறுக்கியிருப்பார்கள். சிறுநீரகம் இரண்டு வருடம் முன்பு எப்படி இருந்தது என்ற கிரியாட்டினின் கணக்கு இருக்கும்; இன்றைய ரிப்போர்ட்டை அதோடு வைத்துப் பார்த்தால்தான் சுகர் மாத்திரையின் அளவைத் தைரியமாக முடிவு செய்ய முடியும். இடுப்பில் வைத்திருப்பது என்ன உலோகம், என்ன மாடல் என்ற சீட்டு ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரியோடு இருக்கும்; நாளைக்கு எம்ஆர்ஐ எடுக்கப் போனால் முதல் கேள்வியே அதுதான். இவை எதுவும் இல்லாமல் நீங்கள் ஒவ்வொரு டாக்டர் முன்னாலும் போய் உட்காருகிறீர்கள். அவர் வேறு என்ன சொல்வார்? ‘அதை அவரிடம் கேளுங்கள்’ என்றுதான் சொல்வார்.

தெருமுனை டாக்டர் விஷயத்துக்கு வருகிறேன். நான் மருத்துவர் இல்லை, ஆனால் பார்க்கின்சன் உள்ள குடும்பங்கள் எல்லாம் தெரிந்து வைத்திருக்க வேண்டிய ஒன்று இது. இந்த நோயில் மூளையில் டோபமின் குறைகிறது, அதை ஈடுகட்டத்தான் லெவோடோபா. வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் நம் ஊரில் சர்வசாதாரணமாக எழுதும் புரோகுளோர்பெரசின், மெட்டோகுளோபிரமைடு போன்ற மருந்துகள் அதே டோபமினின் வேலையைத் தடுக்கக்கூடியவை. மற்றவர்களுக்கு நல்ல மருந்துதான். பார்க்கின்சன் இருப்பவருக்குக் கொடுத்தால் விறைப்பு கூடும், நடை போகும். நீங்கள் மாத்திரையின் பெயர் எழுதவில்லை. பத்து நாளில் விறைத்ததையும் நியூரோ டாக்டர் போட்ட சத்தத்தையும் வைத்துப் பார்த்தால் இந்த வகையாக இருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

தெருமுனை டாக்டரிடம் ‘அம்மாவுக்கு பார்க்கின்சன் இருக்கிறது, இந்த இந்த மாத்திரை ஓடுகிறது’ என்று சொன்னீர்களா? கடிதத்தில் அதைக் காணோம். வேறு டாக்டரிடம் பார்ப்பது தெரிந்தால் கோபித்துக்கொள்வார் என்று மறைக்கிற பழக்கம் நம் வீடுகளில் நிறைய உண்டு. கோபித்துக்கொள்ளட்டும், என்ன இப்போது? அவர் பார்த்தது தலைசுற்றலோடு வந்த ஒரு பாட்டியை, அவ்வளவுதான்.

சரி, இனி நீங்கள் கேட்காத விஷயத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன். தலைக்கு நான்கு மாதம்.

இந்த ஏற்பாட்டை எழுதும்போது உங்கள் பேனா தடுமாறவே இல்லை. பெருமையாகக்கூட எழுதியிருக்கிறீர்கள். மூன்று பேரும் சமமாகச் சுமக்கிறோம் என்ற நினைப்பு. பிள்ளைகளுக்குள்ளே அது நியாயமாக இருக்கலாம். நடக்க முடிகிற, ஞாபகம் தெளிவாக இருக்கிற அம்மாவுக்குப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துவரும் சாக்காகக்கூட இருக்கும். ஆனால் ஞாபகம் தப்புகிற, கால் தரையில் ஒட்டிக்கொள்கிற ஒருவரை நான்கு மாதத்துக்கு ஒருமுறை வேறு வீட்டில் கொண்டுபோய் விட்டால், ராத்திரி இரண்டு மணிக்கு எழும்போது பாத்ரூம் எந்தப் பக்கம், சுவிட்ச் எங்கே, வாசற்படி உண்டா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்? போன வருடம் விழுந்தது யார் வீட்டில், அந்த வீட்டுக்கு வந்து எத்தனையாவது நாள் என்று மூன்று பேரும் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.

நீங்கள் புலம்புகிற மற்ற இரண்டுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுத்தவர்கள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்து ஆட்களாகத்தான் இருக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரையைத் தன்னார்வலர் வீட்டிலேயே கொண்டுவந்து கொடுப்பார். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு பிசியோதெரபியும் வலி தணிக்கும் பராமரிப்பும் உண்டு. ஆனால் அந்தத் தன்னார்வலரின் பட்டியல் அந்தப் பகுதி வீடுகளின் பட்டியல். உங்கள் அம்மா மதுரைப் பட்டியலில் இருந்தார், கிளம்பினார், திருச்சியில் யாரும் அவரைச் சேர்க்கவில்லை. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் நீங்கள் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்? சேர்த்து, பழகி, கை கால் கொஞ்சம் இளகும் நேரத்தில் தஞ்சாவூர் முறை வந்துவிடும்.

அட்டையும் அதே கதைதான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியல் போட்ட 21 குறைபாடுகளில் பார்க்கின்சனும் ஒன்று. நம் மாநிலத்தில் பாதிப்பின் அளவைப் பொறுத்து பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும் வழி இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். அந்த மேஜைக்கு முகவரி வேண்டும். ஆதார் ஓர் ஊர், ஆள் ஓர் ஊர் என்றால் அந்த எழுத்தர் என்ன செய்வார்?

ஒரே இடத்தில் பார்க்கும் மருத்துவமனை கேட்டீர்கள். உண்டு. முதியோர் மருத்துவம் நமக்குப் புதிதே இல்லை. சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-லேயே முதியோருக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கிவிட்டார். கிண்டியில் 200 படுக்கைகளோடு முதியோருக்கான தேசிய மையம் 2024-ல் திறந்தது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதியோர் பிரிவு இருக்கிறதா என்று உங்கள் ஊரிலேயே முதலில் விசாரியுங்கள். தாராளமாகப் போங்கள். எங்கே போனாலும் உங்களை உட்காரவைத்து முதலில் கேட்கப்போவது, ‘பழைய ஃபைல் கொண்டுவந்தீர்களா?’

ஆகவே நான் சொல்வது இது. அம்மா இனி ஒரே வீட்டில் இருக்கட்டும். எந்த வீடு என்பதை அம்மாவிடம் கேளுங்கள். இவ்வளவு பெரிய கடிதத்தில் அம்மா எதை விரும்புகிறார் என்று ஓர் இடத்தில்கூட இல்லை. ஞாபகம் தப்புகிறது என்றால் விருப்பமே இல்லை என்று அர்த்தமில்லை. காலையில் மாத்திரை வேலை செய்து, முகம் தெளிந்திருக்கிற நேரம் ஒன்று இருக்கும், அப்போது கேளுங்கள். தம்பி வீடு என்று சொன்னால் மனத்தாங்கல் இல்லாமல் அனுப்பிவையுங்கள்.

அவர் இருக்கிற வீட்டுப் பிள்ளைதான் பொறுப்பு. டாக்டர்களிடம் பேசுகிற வாய் ஒன்றுதான் இருக்க வேண்டும். மற்ற இரண்டு பேர் பணம் அனுப்பிவிட்டுக் கை கழுவ வேண்டாம். தங்கை மாதாமாதம் வந்து அம்மாவோடு ஒரு வாரம் இருக்கட்டும். இன்னொருவர் அலுவலக வேலை முழுவதையும் எடுத்துக்கொள்ளட்டும்: ஆதார், அட்டை, உதவித்தொகை, காப்பீடு. அதற்கு லீவு போட்டு வரிசையில் நிற்கிற உடம்பு வேண்டும், கூகுள் பே போதாது.

அப்புறம், வீட்டில் இருக்கிற அத்தனை மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்து, தைலம், சத்து மாத்திரை உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டு ஒரே டாக்டரிடம் கொண்டுபோய்க் கொட்டுங்கள். பொது மருத்துவரோ முதியோர் மருத்துவரோ, பொறுமையாகக் கேட்கிற ஒருவர். ‘இனி யார் எதை எழுதினாலும் உங்களிடம் காட்டிவிட்டுத்தான் கொடுப்போம், தலைமை நீங்கள்தான்’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் மறுக்க மாட்டார்கள்; இதுவரை யாரும் அவர்களிடம் கேட்டதில்லை, அவ்வளவுதான். ஒரே மருந்தை வேறு வேறு கம்பெனிப் பெயரில் இரண்டு டாக்டர்கள் எழுதியிருப்பது இப்படிக் கொட்டும்போதுதான் வெளியே வரும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

நோட்டு ஒன்று போடுங்கள். அம்மாவுக்கு மணி முக்கியம். லெவோடோபாவைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரமாவது முன்னால் கொடுக்கச் சொல்வார்கள், பருப்பு, முட்டை, பால் போன்ற புரதச் சாப்பாட்டோடு சேர்ந்தால் மருந்து சரியாக ஏறாது. எட்டு மணி மாத்திரையைக் காபி டம்ளரோடு ஒன்பதரைக்குக் கொடுத்துவிட்டு, ‘மருந்து கேட்கவில்லை டாக்டர்’ என்று சொல்கிற வீடுகள் ஏராளம். எத்தனை மணிக்குக் கொடுத்தது, எத்தனை மணிக்குக் கால் நகர்ந்தது, எப்போது மறுபடி விறைத்தது என்று எழுதுங்கள். அந்தப் பக்கத்தைக் காட்டினால் நியூரோ டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். நோட்டின் முதல் பக்கத்தில் ‘பார்க்கின்சன் நோயாளி, கொடுக்கக்கூடாத மருந்துகள்’ என்று அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 108-ல் ஏற்றும்போதும் அது அம்மாவோடு போக வேண்டும்.

இந்த நோட்டை இப்போது யார் எழுதப்போகிறார்? மனைவி ‘நன்றாக ஒத்துழைக்கிறாள்’ என்கிறீர்கள். யாருடைய வேலைக்கு அவர் ஒத்துழைக்கிறார்? ராத்திரி துணி மாற்றுவது யார் என்று நீங்கள் எழுதவில்லை, எனக்கும் கேட்கத் தேவையில்லை. பெற்றவளுக்குச் செய்கிற கடமை பிள்ளையுடையது, மருமகள் செய்வது அதற்கு மேலான உபகாரம். இந்த விஷயத்தில் நான் பழைய காலத்து ஆள், மாறுவதாக இல்லை. ராத்திரி முறையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி வீட்டுக்குப் போகும் விஷயம் பாக்கி. தங்கையைத் தூது அனுப்பாதீர்கள். தம்பி இல்லாத நேரம் பார்த்து அவர் மனைவியிடம் வாங்கிவரும் சாமர்த்தியமும் வேண்டாம். பெற்றோர் பராமரிப்புக்கு 2007-லேயே சட்டம் வந்துவிட்டது, கோட்டாட்சியர் முன்னால் நிறுத்தி மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித்தர அதில் வழியுண்டு. அண்ணனும் தம்பியும் பேச வேண்டும் என்று அதில் எங்கும் எழுதவில்லை. நீங்கள் மூத்தவர், நீங்கள்தான் முதலில் போக வேண்டும். பாகப்பிரிவினையில் யார் பக்கம் நியாயம் என்பது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. அதைப் பத்து வருடம் கழித்துக்கூடச் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இந்த ஞாயிறு மதுரைக்குப் பஸ் ஏறுங்கள். போனவுடன் ஃபைலைக் கேட்காதீர்கள். அம்மா அந்த நான்கு மாதம் எப்படி இருந்தார், எதைச் சாப்பிட்டார், எந்த நேரத்தில் நன்றாக நடந்தார் என்று கேளுங்கள். அது உங்கள் தம்பிக்கும் அவர் மனைவிக்கும்தான் தெரியும், எந்த ஃபைலிலும் இருக்காது. அதையும் நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.