அந்த 'எஃப்' யார்?

கேள்வி: மகள் பியானோ கிரேடு பரீட்சைக்குத் தயாராகிறாள். புத்தகத்தில் இருப்பவர்கள் எல்லாரும் ஆண்கள். பெண்கள் யாருமே இசை எழுதவில்லையா?

பதில்: எழுதாமல் என்ன, பேரைத்தான் காணோம். ஜெர்மனியின் ஃபேனி மெண்டல்சன் 1828-இல் எழுதிய 'ஈஸ்டர் சொனாட்டா' என்ற பியானோ இசைப் படைப்பின் கையெழுத்துப் பிரதியில் 'எஃப். மெண்டல்சன்' என்று இருந்ததால், அதை எழுதியது பிரபல இசையமைப்பாளரான தம்பி ஃபீலிக்ஸ்தான் என்று முடிவு கட்டி, 1972-இல் அவர் பேரிலேயே இசைத்தட்டும் போட்டுவிட்டார்கள். 2010-இல் ஏஞ்சலா மேஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சி மாணவி (இவரும் பியானோ வாசிப்பவர்) பாரிஸில் அந்தப் பிரதியைப் புரட்டினார். கையெழுத்து அக்காவுடையது! அதைவிட, பக்க எண்கள் ஃபேனியின் வேறொரு நோட்டில் காணாமல் போயிருந்த பக்கங்களோடு அப்படியே பொருந்தின. எனக்குப் பிடித்தது இந்தப் பக்க எண் சமாச்சாரம்தான், துப்பறியும் கதை கெட்டது போங்கள். 2012-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் முதன்முறையாக அது ஃபேனியின் பேரில் ஒலித்தது. இத்தனைக்கும் இசை உனக்கு வெறும் அலங்காரம்தான் என்று அப்பாவே எழுதிய பெண், நானூறுக்கும் மேல் இசைப் படைப்புகளை எழுதிவிட்டுப் போயிருக்கிறார். சரி, உங்கள் மகளுக்கு: மாதத்துக்கு ஒன்றாக ஃபேனி எழுதிய 'ஆண்டு' தொகுப்பைக் கேட்கச் சொல்லுங்கள். வாசிக்கக் கொஞ்சம் கை நோகும்.