மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களுக்கு டேவிட் மோயஸ் மீதான கோபம் தீர்ந்துவிட்டதா?

எங்கள் பாம்பன் பக்கத்தில் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. 2014 ஏப்ரல் 22 அன்று அந்த இங்கிலாந்து கால்பந்து அணியின் பயிற்சியாளர் பதவியிலிருந்து அவரை நீக்கியபோது மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில். டீக்கடையில் ஒருவருக்கொருவர் மிட்டாய் கொடுத்தோம். இப்போது நினைத்தால் கொஞ்சம் வெட்கம்தான்.

அவருக்கு முன்பு பயிற்சியாளராக இருந்த ஃபெர்குசன் 2013இல் பிரீமியர் லீக் கோப்பையோடு ஓய்வுபெற்றார். நிர்வாகத்தைக் கவனித்த டேவிட் கில்லும் அதே கோடையில் போனார். தடுப்பாட்டக்காரர்கள் ஃபெர்டினாண்ட், விடிச், எவ்ரா எல்லோரும் ஆடும் வயதைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். பழைய வள்ளத்தைக் கையில் கொடுத்து, ஓட்டை அடைக்க ஆளும் தராமல் கடலுக்கு அனுப்பிய மாதிரி. அந்தக் கோடையில் வந்த பெரிய வரவு நடுக்கள ஆட்டக்காரர் ஃபெல்லைனி ஒருவர்தான்.

அதற்காக அவர் மேல் தப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். ஃபுல்ஹாமுக்கு எதிராக 80க்கும் மேற்பட்ட கிராஸ் (பக்கவாட்டிலிருந்து கோல் முன்னால் அனுப்பும் பந்து) போட்டு 2-2 என்று முடிந்த ஆட்டத்தை ராத்திரி விழித்துப் பார்த்தவன் நான். அது மறக்காது. ஆறு வருட ஒப்பந்தம் பத்தே மாதத்தில் முடிந்தது, அணி ஏழாவது இடம்.

சரி, அப்புறம் வான் ஹால், மொரின்யோ, சோல்ஷயர், டென் ஹாக் என்று பயிற்சியாளர்கள் வரிசையாக வந்தார்கள். ஒருவராலும் பிரீமியர் லீக் கோப்பையைக் கொண்டுவர முடியவில்லை. கோபம் தணிந்தது அதனால்தான். மோயஸோ 2023இல் வெஸ்ட் ஹாம் அணிக்கு கான்ஃபரன்ஸ் லீக் என்ற ஐரோப்பியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அன்று எங்கள் கடையில் இரண்டு பேர் கை தட்டினார்கள்.