விபத்து நடந்து ஏழெட்டு மாதமாகியும் அந்தக் காட்சி கண்ணைவிட்டுப் போகவில்லை. இது பி.டி.எஸ்.டி.யா, அதாவது அதிர்ச்சிக்குப் பிறகு விடாமல் தொடரும் மனப் பாதிப்பா? மருந்து இல்லாமல் சரியாகுமா?

"எல்லாரும் மறந்துவிடு என்கிறார்கள், எனக்குத்தான் தைரியம் போதவில்லையோ" என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நான் டாக்டர் இல்லை, இதை அனுபவித்தவன். "வைத்தியம் சொல்ல இவன் யார்" என்று கேட்க வருகிறவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

விபத்தின்போது நீங்களும் வண்டிக்குள் இருந்தீர்களா என்று சொல்லவில்லை. இருந்ததாகவே வைத்துக்கொள்கிறேன்.

நான் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன், ஓட்டியது நண்பன். கார் கவிழ்ந்து எல்லாம் அடங்கிய பிறகும் இண்டிகேட்டர் மட்டும் டிக், டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. இருவருமே பிழைத்துவிட்டோம். அவனுக்குக் கால் முறிவு, எனக்குச் சிராய்ப்புதான். அதனாலேயே "உனக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே" என்று எல்லாரும் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கோ அதற்கப்புறம் எந்த வண்டியில் ஏறினாலும் இல்லாத பிரேக்கை வலது கால் மிதிக்கும். இண்டிகேட்டர் சத்தம் கேட்டால் உள்ளங்கை வேர்த்துவிடும். தூக்கத்தில் கத்துவேன். வீட்டில் யாராவது தட்டைக் கீழே போட்டால் அவர்கள் மேல் எரிந்து விழுவேன். அந்தச் சாலையை விட்டேன், பிறகு கார் பயணத்தையே விட்டேன், கடைசியில் அந்த நண்பனோடு பேசுவதையும் விட்டுவிட்டேன்.

இவை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பி.டி.எஸ்.டி. என்கிறார்கள். நினைவு வலிய வந்து தாக்குவது, அதைத் தூண்டும் எதையும் தவிர்ப்பது, தன்னைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் எண்ணம் கசந்துபோவது, உடம்பு எப்போதும் உஷாராகவே இருப்பது. நான்கும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் அதுதான். முதல் மாதத்தில் இப்படி இருப்பவர்களில் நிறையப் பேருக்குத் தானாகவே தணிந்துவிடும். உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இலேயே இதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆகவே "இதெல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகளின் சொகுசு" என்பவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

எனக்கு முதலில் கிடைத்தது தூக்க மாத்திரைதான். தூக்கம் வந்தது, பயம் இருந்த இடத்திலேயே இருந்தது. அல்பிரசோலம், டயசெபாம் மாதிரி பதற்றத்தைத் தணித்துத் தூங்க வைக்கும் மாத்திரைகளை இந்த நோய்க்கு மருந்தாகக் கொடுக்க வேண்டாம் என்றுதான் சிகிச்சை வழிகாட்டிகள் சொல்கின்றன என்பதே அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. பழகிவிட்டால் விடுவது பெரும்பாடு.

பிறகு ஒரு உளவியல் நிபுணரிடம் போனேன். அவர் செய்தது ஊரார் சொன்னதற்கு நேர் எதிர். கண்ணை மூடி, இப்போதுதான் நடக்கிற மாதிரி விபத்தை முழுசாகச் சொல்லச் சொன்னார். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. போனில் பதிவு செய்து, வீட்டில் தினமும் கேட்கச் சொன்னார். முதல் வாரங்கள் நரகம், பொய் சொல்ல மாட்டேன். நண்பன் அலறியபோது சும்மா உட்கார்ந்திருந்தேன் என்ற குற்ற உணர்ச்சி எனக்கு. சொல்லச் சொல்ல ஒரு விஷயம் பிடிபட்டது: பெல்ட் பூட்டு சிக்கிக்கொண்டு, அதை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அது அத்தனை மாதமும் நினைவில் இல்லவே இல்லை. கூடவே, தவிர்த்த விஷயங்களைப் பயத்தின் அளவுப்படி நூற்றுக்கு இத்தனை என்று எழுதி, லேசானதிலிருந்து தொடங்கினோம். நிறுத்திய காரில் உட்கார்ந்து, பயம் தானாக இறங்கும்வரை இண்டிகேட்டரைப் போட்டுக் கேட்பதுதான் முதல் படி.

இதற்குப் பெயர் புரொலாங்டு எக்ஸ்போஷர். பொதுவாக 8 முதல் 15 அமர்வு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். நினைவைத் திரும்பத் திரும்பச் சொல்வது தாங்காது என்றால் காக்னிட்டிவ் பிராசஸிங் தெரபி (சி.பி.டி.) இருக்கிறது. பெரும்பாலும் 12 அமர்வு. "என்னால்தான் ஆனது" மாதிரியான எண்ணங்களை எழுதி, சான்று இருக்கிறதா என்று அலசுவார்கள். ஈ.எம்.டி.ஆர். என்று கண்ணை இடவலமாக அசைத்துக்கொண்டே நினைவைக் கையாளும் முறையும் உண்டு. பார்க்க மந்திரம் மாதிரி இருக்கும், ஆனால் பலன் தருகிறது. கண் அசைவால்தான் குணமாகிறதா என்பதில் மட்டும் நிபுணர்களுக்குள் இன்னும் சண்டை.

ஆக, மருந்து இல்லாமலும் சரியாகும். ஆனால் மாத்திரையைக் கேவலமாகப் பார்க்காதீர்கள். செர்ட்ராலின், பராக்செடின் என்ற மனச்சோர்வு மாத்திரைகள் இரண்டுக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்த நோய்க்கென்றே அனுமதி தந்திருக்கிறது. வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். நீங்களாகவே நிறுத்தக் கூடாது.

      

உளவியல் நிபுணரைத் தேடும்போது, "அதிர்ச்சிக்கான தெரபியில் பயிற்சி பெற்றவரா, எந்த முறை?" என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். இடையில் உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால் மட்டும் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே யாரையாவது கூட்டிக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.