காலை ஊன்றாதேங்கோ

அன்புள்ள சேருக்கு,

போன வருடம் அலுவலக நண்பர்களோடு களனி கங்கைக் கரையிலுள்ள கித்துல்கல போயிருந்தேன். நாங்கள் ரப்பர் படகில் கூச்சல் போட்டுக்கொண்டு இறங்க, எங்களுக்கு முன்னால் ஒரு பெடியன் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகில் தனியாகப் போனான். பாறைக்குப் பாறை நின்று நின்று எங்களைப் பார்த்துக்கொண்டு போனான். அன்றைக்குப் பிடித்த ஆசை. எனக்கு 47 வயது, வங்கியில் வேலை. இந்த வருடம் இரண்டு தடவை போய்ப் பழகினேன். கவிழ்ந்த கயாக்கை உள்ளே இருந்தபடியே நிமிர்த்துகிற ரோல் வரவே இல்லை. கடைசி நாள் கவிழ்ந்து வெளியே வந்து, தொடையளவு தண்ணீர்தானே என்று எழுந்து நிற்கப் போனேன். 22 வயதுப் பயிற்சியாளர் எல்லோருக்கும் முன்னால் என்னைப் பார்த்துக் கத்தினான். கீரிமலையிலும் கசூரினாவிலும் நீந்தி வளர்ந்தவன் நான். உலகத்துக்கே கட்டுமரம் கொடுத்த இனம் நாம். பெரிய அவமானமாகப் போய்விட்டது. மனைவி, 'இந்த வயதில உங்களுக்கு என்ன விசர்' என்கிறார். வயது உண்மையிலேயே தடையா? பேசாமல் ஒரு கயாக் வாங்கி யாழ்ப்பாணத்திலேயே பழகலாமா? எந்த வகை வாங்குவது?

கே., கொக்குவில்

அன்புள்ள கே.,

வயதுக்கு ஒரு வரி போதும். நான் தொடங்கியபோது எனக்கு 54. தோள்மூட்டை மட்டும் கவனியுங்கள். துடுப்பைத் தலைக்கு மேலே தூக்கி வலிக்காமல் முழங்கையை விலாவோடு வைத்துக்கொள்ளுங்கள். நம் வயதில் கழன்ற தோள் லேசில் ஆறாது. உங்கள் மனைவி சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. என் வீட்டிலும் அதே சொல்தான்.

ரோலுக்கும் அவசரப்படாதீர்கள். கிறீன்லாந்து வேட்டைக்காரர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. உறைகிற கடலில் கயாக்கை விட்டு வெளியே வந்தால் கதை முடிந்தது. ஆகவே உள்ளே இருந்தபடியே நிமிரப் பழகினார்கள். ஐரோப்பாவில் முதலில் அதைக் கற்றுக்கொண்டவர் என்று சொல்லப்படுபவர் பவ்லாட்டா என்ற ஆஸ்திரியர், 1927இல். அவ்வளவு காலம் மற்றவர்களும் கவிழ்ந்து, வெளியே வந்து, நீந்திக் கரையேறிக்கொண்டுதான் இருந்தார்கள். உங்களுக்கு ரோல் வராததற்குக் காரணம் நீங்கள் தலையை முதலில் தூக்குவதுதான். பார்க்காமலே சொல்கிறேன், எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். மூச்சு வேண்டும் என்று தலை முந்துகிறது. இடுப்புப் படகைப் புரட்ட வேண்டும், உடல் பின்னால் வரவேண்டும், தலை எல்லாவற்றுக்கும் கடைசி. அதற்கு முன்னால், கவிழ்ந்ததும் முன்னுக்குக் குனிந்து, இடுப்பைச் சுற்றிப் படகின் வாயை மூடியிருக்கும் உறையின் வாரைத் தேடிப் பிடித்து இழுத்து வெளியே வருவதை நின்ற நீரில் இருபது தரம் செய்யுங்கள். கை தானாக வாரைத் தேடிப் போகிற அளவுக்குப் பழகினால் பாதிப் பயம் போய்விடும்.

இனி அந்தக் கட்டுமரம். தம்பி, கோபிக்க வேண்டாம், கட்டுமரம் கட்டினவர் உங்கள் தாத்தா அல்ல, என்னுடைய தாத்தாவும் அல்ல. அது கரையில் இருந்தவர்களின் அறிவு. அவர்களை நம் வீட்டு விறாந்தையில் கதிரை போட்டு இருத்தாத ஊர் இது. இப்போது ஆங்கில அகராதியில் அந்தச் சொல் இருக்கிறது என்றதும் 'இனம்' என்று ஓடி வருகிறோம். கொக்குவிலில் பிறந்த உங்களுக்கும் அராலியில் பிறந்த எனக்கும் படகைப் பற்றி இரத்தத்தில் ஒன்றும் ஊறவில்லை. ஊறியிருந்தாலும் அது கடலைப் பற்றியது. நீங்கள் போனது ஆற்றுக்கு.

உங்கள் கடிதத்தில் என்னை மூன்று கிழமை உறுத்திக்கொண்டிருந்த வரி, 'எழுந்து நிற்கப் போனேன்' என்பதுதான். அந்தப் பயிற்சியாளர்ப் பெடியன் கத்தாமல் விட்டிருந்தால் இந்தக் கடிதமே எனக்கு வந்திருக்காது. நான் மிகைப்படுத்தவில்லை.

யோசித்துப் பாருங்கள். நமக்கு ஆறே இல்லை. சுண்ணாம்புக்கல் நிலம், விழுகிற மழையைக் குடித்துவிடும். வழுக்கையாறு என்று ஒன்று மாரியில் மட்டும் ஓடி அராலியில் கடல்நீரேரிக்குள் போகும். மற்றக் காலத்தில் அதன் நடுவில் மாடு கட்டலாம். நமக்குத் தண்ணீர் என்றால் கிணறு, கேணி, பரவைக் கடல். பரவைக் கடலில் பயந்தால் என்ன செய்வோம்? காலை ஊன்றி எழும்பி நிற்போம். இடுப்பளவுதான் இருக்கும். திருக்கையை மிதிக்காமல் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து கரைக்கு வந்துவிடுவோம். சின்ன வயதிலிருந்து உடம்பில் ஏறின பாடம் இது. ஆபத்து என்றால் காலை ஊன்று. ஓடுகிற ஆற்றில் ஆளைக் கொல்வதும் இதே பாடம்தான்.

கடலில் அலை நகரும், நீர் அநேகமாக இருந்த இடத்திலேயே ஏறி இறங்கும். ஆற்றில் இது தலைகீழ். நீர் ஓடும், அலை பாறைக்குக் கீழே ஒரே இடத்தில் நிற்கும். அதனால் கடலில் ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே மூச்சுவிட இடைவெளி உண்டு. ஒன்றைத் தாங்கினால் அடுத்தது வருமுன் எழும்பலாம். ஆற்றில் அந்த இடைவெளி கிடையாது. இரண்டு கல்லுக்கு நடுவே பாதம் செருகிவிட்டது என்று வையுங்கள். பின்னாலிருந்து நீர் தள்ளுகிறது, நீங்கள் முகம் குப்புற விழுகிறீர்கள், நீர் முதுகில் ஏறி அமுக்குகிறது. அது விடாது. விடுகிற நேரம் என்று ஒன்று அதற்கு இல்லவே இல்லை. தொடையளவு நீர் போதும், முழங்காலளவும் போதும். நீச்சல் தெரிந்தவன், தெரியாதவன் என்ற வித்தியாசம் அங்கே இல்லை. நான் பௌதிகம் படிப்பித்தவன், பழக்கம் விடாது, இதையும் சொல்லிவிடுகிறேன். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உங்களைத் தள்ளும் விசை நான்கு மடங்கு. ஒரு கன மீற்றர் நீர் ஆயிரம் கிலோ. கித்துல்கலவில் களனி கங்கையின் மட்டம் மேலேயுள்ள மின்நிலையம் திறந்துவிடுகிற நீரைப் பொறுத்தது. மழை இல்லாத நாளிலும் ஏறும். காலையில் முழங்காலில் நின்ற நீர் மதியத்திலும் அங்கேயே நிற்கும் என்று யார் உங்களுக்குச் சொன்னது?

வெளியே விழுந்தால் மல்லாந்து படுங்கள். கால்கள் நீர் போகும் பக்கம், பாதம் நீர்மட்டத்துக்கு, கால்விரல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பாறை வந்தால் காலால் உதைத்து விலகலாம். பெரிய பாறையின் பின்பக்கம் நீர் எதிர்த்திசையில் திரும்பி அமைதியாகக் கிடக்கும், பயிற்சியாளர்கள் எடி என்பார்கள். அதைக் கண்டால் புரண்டு நீந்தி அதற்குள் போங்கள். அங்கே நீர் உங்களை இழுக்காமல் நின்ற பிறகு எழும்பலாம். விழுந்து கிடக்கிற மரத்தைக் கண்டால் மட்டும் எந்தப் பாடும் பட்டு விலகி நீந்துங்கள். அது மீன் பிடிக்கிற பறி மாதிரி. நீர் உள்ளால் போய்விடும், நீங்கள் போகமாட்டீர்கள்.

இதையெல்லாம் அந்தப் பெடியன் முதல் நாளே சொல்லியிருப்பான். கட்டாயம் சொல்லியிருப்பான். நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். ஏனென்றால் நீங்கள் 47, அவன் 22. நீங்கள் வங்கியில் கண்ணாடி அறைக்குள் இருப்பவர், அவன் அரைக்காற்சட்டையோடு ஆற்றங்கரையில் நிற்பவன். உங்களைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. நானும் அப்படித்தான்.

1986. நான் படிப்பிக்கத் தொடங்கிய புதிது. என் வகுப்பில் ஒரு பெடியன், கடற்தொழில் செய்கிற குடும்பம், பின்வாங்கில் நித்திரை கொள்வான். இரவில் தகப்பனோடு சிறகுவலைக்குப் போய்வருகிறான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அடித்தேன். ஒரு சனிக்கிழமை அராலித்துறையிலிருந்து வேலணைப் பக்கம் போகவேண்டி வந்தது. அவர்களுடைய வள்ளம்தான் கிடைத்தது. தகப்பனுக்குக் காய்ச்சல், இவன் வந்தான். பதின்மூன்று வயதுப் பெடியன் கோலை ஊன்றித் தள்ளுகிறான், வள்ளம் கோடு போட்ட மாதிரிப் போகிறது. நடுவில் காற்று எழும்பியது. நான் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விறைத்துப்போய் இருந்தேன். வள்ளம் ஆட ஆட இன்னும் இறுக்கினேன், இறுக்க இறுக்க அது இன்னும் ஆடியது.

"சேர், விளிம்பைப் பிடிக்காதேங்கோ. இடுப்பை இளக்கி விடுங்கோ. அது ஆடட்டும், நீங்கள் ஆடாதேங்கோ."

"உன்ர வேலையைப் பார்" என்றேன்.

அவன் பார்த்தான். கரை வரைக்கும் ஒரு சொல் பேசவில்லை. திங்கட்கிழமை கணக்குச் செய்துகொண்டு வராததற்கு அவனை மறுபடி அடித்தேன். கணக்குக்காகத்தான் அடித்தேன் என்று நீண்டகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வருட முடிவில் அவன் பள்ளிக்கூடத்தை விட்டான். 1990க்குப் பிறகு நாங்கள் எல்லோரும் எங்கெங்கோ போனோம். அவனைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிய காலத்தில் விசாரிக்க ஆட்கள் இல்லை.

பல வருடம் கழித்து, கித்துல்கலவில் நான் பழகப் போன இரண்டாம் நாள். எடியிலிருந்து ஓட்டத்துக்குள் நுழைகிற கோட்டில் நான் ஏழு தரம் கவிழ்ந்தேன். அந்தக் கோட்டைத் தாண்டும்போது ஓட்டம் வருகிற பக்கத்து விளிம்பை உயர்த்த வேண்டும். நாம் பயந்து அந்தப் பக்கமே சாய்வோம், நீர் மேலே ஏறி ஒரே புரட்டாகப் புரட்டிவிடும். ஏழாம் தரம் என்னை இழுத்துக் கரையில் போட்டுவிட்டு, எனக்குப் பழக்கியவன், அவனும் இருபது சொச்சம் வயது, சிங்களப் பெடியன், தமிழ் நாலைந்து சொல்தான் தெரியும், என் இடுப்பில் இரண்டு கையையும் வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினான். "அங்கிள், இடுப்பு லூஸ். போட் ஆடும். அங்கிள் ஆட வேண்டாம்."

நான் கொஞ்ச நேரம் கல்லில் இருந்தேன். களைப்பு என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து தந்தான்.

நீங்கள் கயாக் வாங்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வாங்க வேண்டாம். ஆற்றோட்டத்துக்கான கயாக் கட்டையானது, அடி வளைந்தது, உடனே திரும்பவென்று செய்தது. பரவைக் கடலில் அது நேரே போகாது, நின்ற இடத்தில் சுற்றும். நீங்கள் பண்ணைப் பாலத்துக்குக் கீழே சுற்றுவதைப் பார்க்கச் சனம் கூடும். யாரிடமாவது இரவல் கிடைத்தால், சோளகக் காற்று எழும்ப முன், விடியற்காலையில், மார்பளவு நீரில், பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு, வெளியே வருவதையும் ரோலையும் பழகலாம். சொறிமுட்டை, அதுதான் ஜெலிமீன், மிதக்கிற நாளில் வேண்டாம். ஓட்டத்தை நீங்கள் கித்துல்கலவில்தான் படிக்க வேண்டும். இரவு பஸ்ஸில் கொழும்பு, அங்கிருந்து அவிசாவளை வழியாக. அதே பெடியனிடமே போங்கள்.

ஹெல்மெட், மிதவைச் சட்டை எல்லாம் அவர்களே தருவார்கள், வாரை இறுக்கிக் கட்டுங்கள். சப்பாத்து மட்டும் உங்களுடையது. கயிறு கட்டுகிற பழைய சப்பாத்து, பாட்டாச் செருப்பு வேண்டாம். என்னுடையது முதல் நாளே களனியோடு போய்விட்டது. விடுதி வரைக்கும் வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்தேன், அதுவும் மத்தியானத்தில்.