காரின் உட்புற பிளாஸ்டிக் பாகங்களுக்கு வீட்டிலேயே வினைல் (பசைப் பக்கம் கொண்ட மெல்லிய பிளாஸ்டிக் பிலிம்) ஒட்டினால் நிற்குமா, ஒரே கோடையில் உரிந்துவிடுமா?

நிற்கும். என் காரின் கியர் லீவரைச் சுற்றியுள்ள பாகமும், நான்கு கதவுகளின் பட்டைகளும், ஏசி துவாரங்களின் சட்டங்களும் நானே வினைல் ஒட்டியவை. பல கோடைகளைக் கண்ட பின்னும் அவற்றில் ஒரு மூலைகூடக் கிளம்பவில்லை. உங்களிடம் இருப்பதும் அநேகமாக அந்தக் கண்ணாடி போன்ற பியானோ பிளாக் பிளாஸ்டிக்காகத்தான் இருக்கும். வாங்கிய புதிதில் பளபளவென்று இருந்து, துணியால் துடைத்துத் துடைத்தே முடி போன்ற கீறல்கள் விழுந்து, இப்போது வெயில் பட்டால் அந்தக் கீறல்கள் மட்டுமே கண்ணில் படுகின்ற நிலையில் இருக்கும். புதுப் பாகம் வாங்க மனமில்லாமலும், வினைல் என்றால் "வெறும் ஸ்டிக்கர் வேலை" என்று யாரோ சொல்லக் கேட்டும் நீங்கள் தயங்குகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

அந்த "ஸ்டிக்கர் வேலை" என்ற சொல்லை என் மைத்துனர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் பார்த்த வேலை அப்படிப்பட்டது. பழைய காராக நான் அதை வாங்கியபோதே, முன்பு வைத்திருந்தவர் ஏதோ ஒரு கடையில் கொடுத்து கியர் பகுதிக்குக் கார்பன் ஃபைபர் போன்ற தோற்றமுள்ள பிலிம் ஒட்டியிருந்தார். கப் ஹோல்டரின் விளிம்பில் அது சுருங்கிப் பின்வாங்கியிருந்தது. வெளியே தெரிந்த பசையில் தூசி ஏறிக் கறுப்புக் கோடாகப் படிந்திருந்தது. அதை உரித்தபோது கண்டதுதான் என்னை இந்த வேலையில் இறக்கியது. பாகத்தைக் கழற்றாமல், காரில் இருந்தபடியே பிலிமை மேலே பரப்பி, பிளேடை அந்த பிளாஸ்டிக்கின் மீதே வைத்து அறுத்திருந்தார்கள். சுவிட்சுகளைச் சுற்றிலும் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு ஆழமான வெட்டுகள் இருந்தன. பிலிமுக்கு அடியில் இருந்த பரப்போ, டேஷ்போர்டு பாலிஷின் வழவழப்பு சற்றும் போகாமல் அப்படியே இருந்தது. பணம் வாங்கிக்கொண்டு அடுத்தவர் பொருளின் மேல் இப்படிக் கத்தி வைப்பவர்களால்தான் வினைல் என்ற பொருளுக்கே கெட்ட பெயர் வந்தது என்பதை நான் எங்கும் சொல்வேன்.

நான் தொழில்முறையாக இதைச் செய்பவன் அல்லன். ஆனாலும், பிலிம் உரிவதற்கான காரணங்களில் பெரும்பாலானவை பிலிமிலேயே இல்லை, அதற்கு அடியில் உள்ள பரப்பிலும் ஓரங்களில் விடப்படும் இழுவிசையிலும்தான் இருக்கின்றன என்று உறுதியாகச் சொல்வேன். பார்வைக்கு வேலையாகத் தெரிகின்ற அந்த ஒட்டும் பகுதி மொத்த உழைப்பில் சிறியதுதான்.

பிலிமைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கடையில் "வினைல்" என்று ஒரே பெயரில் இரண்டு வேறு பொருட்கள் கிடைக்கின்றன. ஒன்று காஸ்ட் வகை: திரவ நிலையில் உள்ள பிவிசியைத் தட்டையான தாளின் மேல் மெல்லிய படலமாக ஊற்றி, அடுப்பில் உலர்த்தி எடுப்பது, பிலிம் மட்டும் பெரும்பாலும் 50 முதல் 90 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரை தடிமன் இருக்கும். மற்றொன்று காலண்டர்டு வகை: சூடான உருளைகளுக்கு இடையே நசுக்கி இழுத்துத் தகடாக்குவது, இது பெரும்பாலும் 75 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். இழுத்தே உருவாக்கப்பட்டதால், காலண்டர்டு பிலிம் சூடு படும்போதெல்லாம் தன் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். பெயர்ப் பலகைக்கும் சமமான பரப்புக்கும் அது போதும். வளைவும் குழியும் நிறைந்த காரின் உட்புறத்துக்குப் போதாது. 3எம் நிறுவனத்தின் 2080 வரிசையும், ஏவரி டெனிசனின் எஸ்டபிள்யூ 900 வரிசையும் காஸ்ட் வகையைச் சேர்ந்தவை. பசைப் பக்கத்தில் காற்று வெளியேறுவதற்கான நுண்ணிய வாய்க்கால்களும் இவற்றில் உண்டு. எந்தப் பெயரில் வாங்கினாலும் "காஸ்ட்" என்ற சொல் அதன் தகவல் தாளில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கோடையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸை எட்டியிருந்தது. அந்தச் சூட்டில் நாள்தோறும் வெந்து தணியும் பரப்பில், சுருங்கும் இயல்புள்ள பிலிம் எப்படி ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்?

அடுத்தது பாகத்தைக் கழற்றுவது. கழற்றாமல் ஒட்டக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. நைலான் நெம்புகோல்கள் தொகுப்பாகவே கிடைக்கின்றன; ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் விளிம்பில் பள்ளம் விழும், அந்தப் பள்ளம் பிலிமுக்கு மேலும் தெரியும். உங்கள் மாடலுக்கான கழற்றும் முறையைப் பார்த்துவிட்டு, மறைவான மூடிகளுக்கு அடியில் திருகு இருக்கிறதா என்று தேடிய பிறகே இழுங்கள்.

கழற்றிய பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் இரண்டு கூர் அடைப்புக்குறிகளுக்கு நடுவே, அது எந்த பிளாஸ்டிக் என்பது வார்ப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஏபிஎஸ் என்றோ, பாலிகார்பனேட்டும் ஏபிஎஸ்ஸும் கலந்தது என்றோ இருந்தால் பசை நன்றாகப் பிடிக்கும். பிபி, அதாவது பாலிப்ரோப்பிலீன் என்று இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். எந்தப் பசையையும் எளிதில் ஏற்காத பரப்பு அது. அதற்கு ஓரங்களிலும் குழிகளிலும் மட்டும் 3எம் 94 போன்ற பிரைமரை, அதாவது பசைப் பிடிப்பைக் கூட்டும் பூச்சை, மெல்லியதாகத் தடவ வேண்டியிருக்கும். பிரைமர் தடவிய இடத்திலிருந்து பின்னாளில் பிலிமை உரிப்பது கடினம் என்பதையும் தெரிந்துகொண்டே தடவுங்கள். கைக்குச் சொரசொரப்பாகத் தெரியும் மணிமணியான பரப்பில் பசை அந்த மேடுகளின் உச்சியை மட்டுமே தொடுவதால், அப்படிப்பட்ட பாகத்தை விட்டுவிடுவதே நல்லது. ரப்பர் போன்ற மென்பூச்சு முதுமையடைந்து பிசுபிசுக்கத் தொடங்கியிருந்தால், அந்தப் பூச்சு முழுவதையும் நீக்கினால்தான் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியும்.

சுத்தம் செய்வதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். நீங்களும் அப்படியே செய்ய வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். முதலில் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும். பிறகு நன்றாக உலர்த்தி, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலை நனைத்த, நூல் உதிராத துணியால் ஒரே திசையில் துடைத்து, அது ஆவியாகும் முன்பே வேறு ஓர் உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். ஒரே துணியால் முன்னும் பின்னும் தேய்த்தால் எண்ணெய் இடம் மாறுமே தவிர வெளியேறாது. சுவிட்சுக் குழிகளின் உட்சுவர்களையும், பிலிம் மடிந்து போய் ஒட்டப்போகும் பின்புற விளிம்பையும் காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடைத்தேன். முன்பக்கத் துணி வெள்ளையாக வந்த பிறகும் அந்தக் குச்சிகள் மஞ்சளாகவே வந்துகொண்டிருந்தன. அந்த மஞ்சள் நின்ற பிறகுதான் பிலிமைக் கையில் எடுத்தேன். கடைசியில் ஏபிஎஸ் பாகத்தின் மேல் சிறிது நீரைத் தெளித்துப் பார்க்கலாம். நீர் முத்து முத்தாகத் திரண்டு நின்றால் பாலிஷின் சிலிக்கோன் இன்னும் போகவில்லை. படலமாகப் பரவினால் பரப்பு தயார். இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: கார் கழுவும் இடங்களில் கேட்காமலேயே டேஷ்போர்டிலும் கதவிலும் பளபளப்புத் திரவத்தை அடித்துவிடும் வழக்கம் எனக்குச் சற்றும் பிடிப்பதில்லை. உரிமையாளருக்கு நல்லது செய்வதாக நினைத்தே செய்கிறார்கள். ஆனால் அந்தச் சிலிக்கோன்தான் பிறகு எந்தப் பசையையும் ஒட்டவிடாமல் செய்கிறது. நான் இப்போது வண்டியைக் கொடுக்கும்போதே உள்ளே எதையும் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

பழைய பிளேடு வெட்டுகளை பிளாஸ்டிக் புட்டியால் நிரப்பி, 320 எண் உப்புத்தாளில் தொடங்கி 600 வரை ஈரத்தில் தேய்த்துச் சமப்படுத்தினேன். பிலிம் கீறலை மறைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பளபளப்பான பிலிமுக்கு அடியில் ஒரு தூசித் துகள் இருந்தாலே பரு போல எழுந்து தெரியும். பளபளப்பே இல்லாத மேட் அல்லது பளபளப்பு குறைந்த சாட்டின் பிலிம் சற்று மன்னிக்கும்.

ஒட்டும்போது அறை 20 முதல் 25 டிகிரிக்குள் இருப்பது நல்லது; மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், தூசியைக் கிளப்பும். பிலிமை எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று விரற்கடை கூடுதலாக வெட்டி, இழுக்காமல் மேலே கிடத்தி, நடுவில் தொட்டு, துணி விளிம்புள்ள ஸ்குவீஜீயால் (பிலிமை அழுத்தித் தள்ளும் தட்டையான பிளாஸ்டிக் துண்டு) நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தள்ளுங்கள். அழுத்தத்தால் பிடிக்கும் பசை இது. தடவிக் கொடுத்தால் போதாது, அழுத்த வேண்டும். குழியுள்ள பாகமானால், மேட்டுப் பகுதியை ஒட்டுவதற்கு முன் குழியின் அடித்தளத்தில் பிலிமை இளஞ்சூட்டோடு இறக்கி அழுத்திவிட வேண்டும். இந்த வரிசை மாறினால் பிலிம் குழியின் மேல் பாலம் கட்டி நிற்கும். விரலால் அழுத்தி ஒட்டவைத்தாலும் முதல் வெயிலில் எழுந்துவிடும். சுருக்கம் விழுந்தால் பதற்றப்பட்டு மேலும் இழுக்காதீர்கள். பிலிமைத் தூக்கி, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை மிதமாகக் காட்டினால் சுருக்கம் தானாகவே மறைந்து பிலிம் பழைய நிலைக்கு வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிறகு மறுபடி ஒட்டலாம். மிகவும் இழுத்த இடத்தில் நிறம் வெளிறும், பளபளப்பு குன்றும். அவ்வளவு ஆழமான குழிக்குத் தனித் துண்டு ஒட்டிச் சேர்ப்பதில் தவறே இல்லை. உலோகக் கோடுகள் போட்ட பிலிமை வாங்கியிருந்தால் எல்லாப் பாகங்களுக்கும் கோடு ஒரே திசையில் ஓடும்படி முதலிலேயே குறித்து வெட்டுங்கள்.

ஓரத்தில் 5 முதல் 8 மில்லிமீட்டர் வரை பின்பக்கமாக மடித்து ஒட்ட வேண்டும். வளைந்த மூலைகளில் மடிப்பு குவியாமல் இருக்கப் பின்பக்கத்தில் மட்டும் சிறு வெட்டுகள் கொடுங்கள். அவை முன்பரப்பின் விளிம்பை எட்டவே கூடாது. மடிப்பின் மேல் மடிப்பு விழுந்தால் பாகம் கிளிப்பில் உட்காராமல் அடம்பிடிக்கும் என்பதால் அங்கே மட்டும் மிகையானதை நீக்கிவிட வேண்டும்.

பலரும் விட்டுவிடுகின்ற கட்டம் இதற்குப் பிறகுதான் வருகிறது. இழுத்து ஒட்டிய வளைவுகளையும் ஓரங்களையும் கடைசியாக ஒருமுறை நன்றாகச் சூடாக்கினால், பிலிம் தன் பழைய வடிவத்தை மறந்து புதிய வடிவத்தை ஏற்றுக்கொள்ளும். எவ்வளவு சூடு என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறினாலும் பெரும்பாலும் 90 முதல் 110 டிகிரிக்குள் சொல்வார்கள். ஆனால் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கே 105 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கிவிடும். ஆகவே ஒரே இடத்தில் ஹீட் கன்னை நிறுத்தாமல், தொடாமல் அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியைக் கையில் வைத்துக்கொண்டு, பிலிமின் மேற்பரப்பு தயாரிப்பாளர் சொன்ன அளவைத் தொட்டதும் நகர்ந்துவிட வேண்டும். என் மைத்துனர் பார்த்த அந்தக் கடை வேலையில் இந்தக் கட்டம் நடந்திருக்க வாய்ப்பே இல்லை. இவ்வளவும் முடிந்தபின் ஒரு நாளாவது பாகத்தை அப்படியே விட்டுவைத்துவிட்டு மாட்டுங்கள். பசையின் முழுப் பிடிப்பு உடனே வருவதில்லை.

எங்கே ஒட்டவே கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டியரிங்கின் நடுப்பகுதி, பயணி பக்கத்து டேஷ்போர்டில் ஏர்பேக் திறக்கும் இடம், பக்கவாட்டில் திரைபோல விரியும் ஏர்பேக் உள்ள தூண்களின் உறைகள் ஆகிய மூன்றின் மேலும் எந்தப் பிலிமும் வேண்டாம். குறித்த கோட்டில் கிழிந்து திறக்கும்படி அவை வடிவமைக்கப்பட்டவை. அந்தக் கோட்டின் மேல் இழுவைத் தன்மையுள்ள ஒரு படலத்தை ஒட்டுவது உயிரோடு விளையாடுவது. ஏர்பேக் இணைப்புகளின் அருகே கை வைக்க நேர்ந்தால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம் காத்திருங்கள். டேஷ்போர்டின் மேற்பரப்பில் பளபளப்பான பிலிமும் கூடாது. அது முன்கண்ணாடியில் பிரதிபலித்துச் சாலையை மறைக்கும்.

இதற்குப் பதில் பெயிண்ட் அடித்துவிடலாமே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நன்றாக அடித்த பெயிண்ட் அழகாகவே இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அடித்தால் அடித்ததுதான். பிலிமை வேண்டாம் என்று தோன்றும் நாளில் இளஞ்சூடு காட்டி மெதுவாக உரித்துவிட்டால், பிரைமர் படாத இடங்களில் பழைய பாகம் அப்படியே திரும்பக் கிடைக்கும். தீப்பற்றினால் என்ன ஆகும் என்ற கேள்வியும் நியாயமானதே. கார் உட்புறப் பொருட்களுக்கு அமெரிக்காவின் எப்எம்விஎஸ்எஸ் 302 என்ற வாகனப் பாதுகாப்பு விதியில், தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக்கூடாது என்று இருக்கிறது. நீங்கள் வாங்கும் பிலிமின் தகவல் தாளில் அந்தச் சோதனையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள், எதுவும் இல்லையென்றால் தயாரிப்பாளரையே கேளுங்கள்.

கியர் பகுதியில் தொடங்காமல், கதவில் உள்ள நீளமான, குழிகள் அற்ற பட்டையில் தொடங்குங்கள். கியர் பகுதி கடைசியாக இருக்கட்டும். கழற்றும்போது ஒன்றிரண்டு கிளிப்புகள் உடைவது இயல்புதான் என்பதால், உங்கள் மாடலுக்கு ஏற்ற கிளிப்புகளைச் சிலவற்றை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.